தகப்பன் திரும்பி வராத கதை

“கதை நன்று. முடிவு பிள்ளையின் வயதுக்குப் பொருத்தமில்லை. மாற்றித் தந்துள்ளேன். மனனம் செய்க.”

கோடு போட்ட ஒரு தாளின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதப்பட்ட குறிப்பு இது. கீழே ஒரு தமிழாசிரியரின் சுருக்கொப்பம், அதற்கும் கீழே திகதி. திகதி இல்லாத கடதாசியை நான் வைத்திருப்பதில்லை. பால்மாப் பெட்டியைத் திறந்தால்கூடத் திறந்த நாளைப் பெட்டியில் எழுதிவைக்கிறவள் நான். ஆனாலும் இந்தத் திகதியை இங்கே எழுதப்போவதில்லை. ஆண்டைச் சொன்னால் பாடசாலையைக் கண்டுபிடிப்பீர்கள், பாடசாலை தெரிந்தால் பிள்ளை தெரிந்துவிடும். மன்னார் அவ்வளவு பெரிய இடமில்லை. யுத்தம் முடிந்த பின்பு, பெருந்தொற்றுக்கு முன்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் ஊர் கடற்கரை ஊர். தாழ்வுபாடா, விடத்தல்தீவா என்று ஊகித்து மினைக்கெட வேண்டாம்.

புதிதாக நியமனம் பெற்றுத் தமிழ் படிப்பிக்க வந்திருக்கும் உங்களுக்கு என் பணி அனுபவத்தில் ஒன்றை எழுதித் தரும்படி கேட்டார்கள். இனிமையாக ஏதாவது எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்குச் சிறுகதைப் போட்டி என்றதும் முதலில் வருவது கோபம்தான். அதையே எழுதுகிறேன்.

வலயமட்டப் போட்டி எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தலைப்பை மண்டபத்தில்தான் கொடுப்பார்கள், பிள்ளைகள் அங்கேயே இருந்து எழுத வேண்டும். ஆனால் எந்தப் பிள்ளையும் வெறுந்தலையோடு வருவதில்லை. ஆசிரியர் திருத்திக் கொடுத்த கதையொன்று முழுதாகப் பாடமாக்கப்பட்டுத் தலைக்குள் இருக்கும். “மறக்க முடியாத நாள்” என்றாலும் “அன்பின் வலிமை” என்றாலும் முதல் பந்தியில் ஒரு வரியை மாற்றி அதே கதையை இறக்கிவைப்பார்கள். இதை எல்லோரும் அறிவோம். அறிந்துகொண்டே புள்ளி போடுகிறோம், அறிந்துகொண்டே கைதட்டுகிறோம்.

அப்படி எத்தனையோ கதைகள் வாசித்துவிட்டேன். கொய்யாப்பழம் திருடிய பையன் மரத்தால் விழுந்து கால் உடைந்து திருந்துவான். தாயின் சொல் கேளாத மகள் தாயின் காய்ச்சலைக் கண்டு திருந்துவாள். “அன்று முதல் அவன் பொய் சொல்வதே இல்லை” என்று கடைசி வரி வரும். வாழ்க்கையில் எந்தப் பிள்ளை அப்படி வளர்ந்திருக்கிறது? நல்ல கதைகளைத் தேடி வாசித்தவர்களுக்குத் தெரியும், ஒரு பிள்ளை பெரிய ஆளாகிற இடம் பெரும்பாலும் வாயை மூடப் பழகுகிற இடமாகத்தான் இருக்கும். பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து, வழமைபோல் சோறு சாப்பிடுகிற இடம். எங்கள் போட்டிகளில் அந்த இடத்துக்குப் புள்ளித்திட்டத்தில் நிரல் இல்லை. “படிப்பினை” என்றொரு நிரல் இருக்கிறது.

அன்று போட்டி மன்னார்த் தீவுக்குள் இருக்கும் ஒரு பாடசாலையில் நடந்தது. நடுவர்கள் மூன்று பேர். தலைவர், பெருநிலப்பரப்பில் நெல் விளையும் ஊரொன்றிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். வேட்டி மடிப்புக் குலையாத மனிதர், கெட்டவரும் இல்லை. அடுத்தவர் முசலிப் பக்கத்திலிருந்து வந்த இளம் ஆசிரியை, நடுவராக இருப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. மூன்றாவது ஆள் நான். அரைச்சுவர் வைத்த வகுப்பறையொன்றில் இருந்து விடைத்தாள்களைத் திருத்தினோம். சுவருக்கு அப்பால் விறாந்தையில் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவந்த பெற்றோரும் நீள வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் இருமினால் அவர்களுக்குக் கேட்கும்.

அந்தப் பிள்ளை தரம் ஒன்பது. அவளுடைய கதை இதுதான். ஒரு மீனவர் கடலுக்குப் போகிறார். படகு தனியே அலைந்து கரைக்கு வருகிறது, ஆள் வரவில்லை. இந்தியக் கரையில் பிடிபட்டு அங்கே சிறை மறியலில் இருப்பார் என்று ஊர் சொல்கிறது, மனைவியும் அதை நம்பிக் காத்திருக்கிறாள். ஒருநாள் அவர்களுடைய மகள் கருவாடு எடுத்து வருவதற்காகச் சித்தப்பாவின் வாடிக்கு, அதுதான் கடற்கரையில் வலையும் சாமான்களும் வைக்கிற ஓலைக்கொட்டிலுக்கு, போகிறாள். வலைக்குக் கீழே ஒரு தகரப் பெட்டிக்குள் தகப்பனின் செபமாலை கிடக்கிறது. அவர் கழுத்திலிருந்து கழற்றாத செபமாலை. தகப்பன் இனி வரமாட்டார், கண்டெடுத்தவர்கள் அதைத் தாய்க்கு மறைத்துவிட்டார்கள் என்று மகளுக்கு விளங்குகிறது. சித்தப்பா அவளைப் பார்க்கிறார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. வீட்டில் தாய் தேங்காய் துருவிக்கொண்டே “சித்தப்பா என்ன சொன்னவர்?” என்று கேட்கிறாள். “ஒண்டும் சொல்லேல்லை அம்மா. கருவாடு இன்னும் காயேல்லையாம்” என்கிறாள் மகள். கதை அவ்வளவுதான்.

அதை நான் இன்னொரு தடவை வாசித்தேன். இத்தனை ஆண்டுகளில் இப்படியொரு கடைசிப் பக்கம் என் கைக்கு வந்ததில்லை.

ஆனால் முன் பக்கங்கள் அப்படி இல்லை. “ஆதவன் தன் பொற்கரங்களால் நீலக்கடலை அணைத்துக்கொண்டிருந்த அந்த இனிய காலைப் பொழுதில்” என்று கதை தொடங்கியிருந்தது. கடைசிப் பக்கத்தில்தான் ஆதவனும் இல்லை, பொற்கரமும் இல்லை.

“ரீச்சர், இதிலை ரெண்டு பேரின்ரை கை இருக்கு” என்றார் அதிபர்.

“ஓம் சேர். எனக்கும் அப்பிடித்தான் தெரியுது.”

“பாத்தீங்களே. முன்னுக்குப் பிள்ளை தானா எழுதியிருக்கு, என்ன வடிவான தமிழ். கடைசிப் பக்கம் ஆரோ பெரிய ஆள் எழுதிக் குடுத்தது.”

“மறுவளமாப் பாருங்கோ சேர். முன்னுக்குத்தான் பெரிய ஆள். கடைசிப் பக்கம்தான் பிள்ளை.”

அவர் சிரித்தார். இளம் ஆசிரியையும் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“பதினாலு வயசுப் பிள்ளைக்கு இந்த மனசு வராது ரீச்சர்.”

“இந்த வாழ்க்கை வரலாம், மனசு மட்டும் வரப்படாதோ?”

“கோவிக்காதேங்கோ. கூப்பிட்டுக் கேப்பம், சொந்த ஆக்கமோ எண்டு. விதியிலை இடமிருக்குத்தானே.”

விதியில் இடமிருந்தது. பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்கள். இரட்டைப் பின்னல், வெளுத்த சீருடை. அவள் உள்ளே வர, அவளுடைய தாயும் எழுந்து தண்ணீர்ப் போத்தலைப் பிடித்தபடி அரைச்சுவர்வரை வந்து நின்றார். பரிசு கொடுக்கத்தான் கூப்பிடுகிறோம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். முகம் அப்படி இருந்தது. அவர் தனியே வந்திருந்தார். அதைப் பார்த்ததும் கதையில் காத்திருக்கும் மனைவியை நினைத்தேன்.

“பயப்பிடாதேயும் பிள்ளை. இது உம்மடை கதையோ?” என்றார் அதிபர்.

“ஓம் சேர்.”

“முழுக்கவோ? இந்தக் கடைசிப் பக்கத்திலை, அந்தப் பிள்ளை வாடிக்குள்ளை காணுற—”

நான் எழுந்துவிட்டேன். “சேர், அதை இங்கை வாசிக்க வேண்டாம்.”

“ஏன் ரீச்சர், போட்டிக் கதைதானே.” அவர் குரலைத் தாழ்த்தவில்லை. “சொல்லும் பிள்ளை. இப்பிடியொரு விசயம் உமக்கு எப்பிடித் தெரியும்? உங்கடை வீட்டிலை நடந்ததோ?”

அவள் அவரைப் பார்க்கவில்லை. அரைச்சுவரைப் பார்த்தாள்.

“இல்லை சேர். கடைசிப் பக்கம் வேறை ஆள் எழுதித் தந்தது.”

“ஆர்?”

“தெரிஞ்ச ஒரு அக்கா.”

“பாத்தீங்களே ரீச்சர்” என்று அதிபர் என்னிடம் திரும்பினார். அவருடைய முகத்தில் கோபம்கூட இல்லை, நிம்மதி இருந்தது. ஒரு பிள்ளையால் அப்படி எழுத முடியாது என்று தெரிந்ததில் வந்த நிம்மதி.

அந்தக் கடைசிப் பக்கத்தை யார் எழுதியது என்பதில் எனக்கு அதற்குமேல் சந்தேகமே இருக்கவில்லை. தாய்க்கு மறைக்கும் அதே முடிவை எங்கள் கண் முன்னால் அவள் இன்னொரு தடவை வாயால் எழுதினாள். இந்தத் தடவை விலை அவளுடைய நல்ல பெயர்.

எனக்கிருந்தது மிகச் சிறிய இடைவெளி. அவள் பொய் சொல்கிறாள் என்று நான் வாதாடினால், ஏன் சொல்கிறாள் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சுவருக்கு அந்தப் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றது. ஆகவே வாழ்க்கையைத் தொடாமல் எழுத்தை மட்டும் சோதிக்கச் சொன்னேன்.

“சேர், ஒரு சின்னப் பந்தி எழுதட்டும். எங்களுக்கு முன்னாலை. வேறை விசயம். நேற்று றோட்டிலை கண்ட எதையாவது.”

“பிள்ளையே ஒப்புக்கொண்ட பிறகு என்னத்துக்கு?”

“எனக்காக.”

கடைசி வாங்கில் அவளை இருத்தித் தாளைக் கொடுத்தேன். குனிந்தபோது அவள் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: “எங்கடை தமிழ் சேர் தந்த முடிவைத்தான் எழுத இருந்தனான் ரீச்சர். அந்த இடத்துக்கு வரேக்கை கை எழுதேல்லை.”

“பரவாயில்லை. இப்ப எழுதும்.”

அவள் எழுதியதை அப்படியே தருகிறேன், அன்றே பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்: “பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கழுதை நின்றது. அதன் காலில் காயம். பார்த்தவர்கள் எல்லோரும் பாவம் என்று சொன்னார்கள். கழுதைக்கும் அது கேட்டிருக்கும். அது நகரவில்லை.”

வாசித்துக் காட்டினேன். “இது அந்தக் கடைசிப் பக்கத்துக் கைதான்” என்று இளம் ஆசிரியை மெல்லச் சொன்னார். அதிபரும் மறுக்கவில்லை. “கெட்டிக்காரப் பிள்ளை. ஆனா தன்ரை வாயாலை சொல்லிப்போட்டுதே” என்றார். வாக்கெடுத்தபோது இளம் ஆசிரியை தலைவருடைய பக்கம் சேர்ந்தார். நியமனம் கிடைத்துக் கனகாலம் ஆகவில்லை, தலைவரோடு முரண்பட அவருக்குப் பயம். விளங்குகிறது. மன்னிப்பதாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கதிரையில் நாளைக்கு நீங்கள் இருப்பீர்கள், அதனால் சொல்கிறேன்.

முதலிடம் குறும்புக்காரச் சிறுவனொருவன் வைத்தியராகி ஊருக்குத் திரும்பும் கதைக்குப் போனது.

முடிவை அறிவித்த பிறகு விறாந்தையின் ஆளில்லாத மூலையில் அந்தப் பிள்ளையின் தமிழாசிரியர் என்னை மறித்தார். வியர்த்துப்போய் நின்றார்.

“எல்லாம் பழுதாக்கிப் போட்டாள் ரீச்சர். நான் எவ்வளவு பாடுபட்டனான். இஞ்சை பாருங்கோ” என்று ஒரு தாளை என் கையில் திணித்தார்.

நான் தொடக்கத்தில் சொன்ன தாள் அதுதான். பிள்ளை வகுப்பில் எழுதிய முதல் பிரதி. கருவாடு காயவில்லை என்ற கடைசி வரி அதிலும் இருந்தது, மேலே சிவப்புக் கோடு. பின்பக்கத்தில் ஆசிரியரின் முடிவு: இயேசு பாலன் பிறப்புத் திருநாள், கோயில் மணி அடிக்கிறது, படலையைத் திறந்துகொண்டு தகப்பன் புதுச் சட்டையோடு வருகிறார்.

“தகப்பன் வந்தால் நடுவர்மார் அழுவினம் ரீச்சர். அனுபவத்திலை சொல்லுறன்.”

“அந்தப் பிள்ளையின்ரை தகப்பன் எங்கை சேர்?”

“அவர் கடலுக்குப் போய் வரேல்லைத்தானே. அதுதான் நல்ல முடிவாக் குடுத்தனான். பிள்ளைக்கும் ஒரு ஆறுதல்.”

“பாடமாக்க வைச்சனீங்களோ?”

“ஒவ்வொரு நாளும். இடைவேளையிலை கூப்பிட்டு ஒப்புவிக்க வைச்சனான். ஒரு எழுத்துப் பிசகாமச் சொல்லுவாள்.”

அவர் பெருமையோடுதான் சொன்னார். ஒவ்வொரு நாளும், மற்றப் பிள்ளைகள் விளையாடும் நேரத்தில், அந்தப் பிள்ளை எழுந்து நின்று தன் தகப்பன் படலையைத் திறந்துகொண்டு வருவதை எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்திருக்கிறாள். இதைச் செய்தவர் கொடியவர் இல்லை. வகுப்புக்குப் பிந்தாதவர், பிள்ளைகளுக்கு அடிக்காதவர். அதனால்தான் எனக்கு இன்னும் கூடுதலாகக் கோபம் வருகிறது. கொடியவர் என்றால் முறைப்பாடு எழுதலாம். ஆறுதல் கொடுத்தவரை என்ன செய்வது?

“உங்கடை ஆறுதலைக் கொண்டுபோய் உங்கடை வீட்டிலை வையுங்கோ சேர்” என்றேன். அவர் என்னோடு பிறகு கதைக்கவில்லை. எனக்கு அதில் நட்டமும் இல்லை.

தாளோடு அதிபரிடம் போனேன். அவர் இரண்டு பக்கமும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்ப முடிவு பிள்ளையின்ரைதான்.”

“ஓம் சேர்.”

“அறிவிச்சாச்சு ரீச்சர். ஆனா நீங்கள் சொல்லுறது நியாயம். ஒண்டு செய்வம். தாயையும் பிள்ளையையும் உள்ளுக்குக் கூப்பிடுவம். எதுக்காகப் பொய் சொன்னது எண்டு பிள்ளை எழுத்திலை தரட்டும், தாய் கையெழுத்து வைக்கட்டும். நானே வலயத்துக்கு எழுதி மாத்துவிக்கிறன்.”

அவர் மனதாரச் சொன்னார். விதிப்படி அது சரியும்கூட. முதலாமிடம் அந்தப் பிள்ளைக்கு வந்திருக்கும், மாகாணப் போட்டிக்குப் போயிருப்பாள். ஒரேயொரு கேள்விக்குத் தாயின் முன்னால் பதில் சொன்னால் போதும்.

நான் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். “வேண்டாம் சேர். விடுங்கோ.”

“இவ்வளவும் சண்டை பிடிச்சுப்போட்டு?”

“ஓம். விடுங்கோ.”

அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த எனக்கு உரிமையும் இல்லை. அந்தப் பிள்ளை தன் பெயரைக் கொடுத்து மூடிய கதவை, நியாயம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி நான் போய்த் திறக்க முடியாது.

வாசலில் தாய் காத்துக்கொண்டு நின்றார். மகள் பக்கத்தில்.

“ரீச்சர், பிள்ளை என்ன பிழை விட்டது?”

“பிழை ஒண்டும் விடேல்லை அம்மா.”

“அப்ப ஏன் கூப்பிட்டு விசாரிச்சனீங்கள்? என்ன கதை எழுதினவள்? எனக்கு ஒண்டும் சொல்ல மாட்டாள் இவள்.”

பிள்ளை பின்னலின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றாள்.

“கழுதையைப் பற்றி எழுதினவ. நல்லா எழுதினவ” என்றேன்.

“கழுதையைப் பற்றியோ?” தாய் சிரித்துவிட்டார். “கருவாட்டு வேலையை விட்டிட்டு வந்தனான், கழுதைக் கதைக்கே? எடியே, எங்கடை வீட்டுக் கதையை எழுதியிருந்தாலும் ஒரு பரிசு தந்திருப்பினமே. என்ன ரீச்சர்?”

“அதை ஆர் அம்மா வாசிப்பினம்?” என்றாள் மகள்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அதில் நன்றி இருந்தது என்று எழுதினால் பொய். ஒரே வேலையைச் செய்கிற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்ப்பது போல இருந்தது. பதினாலு வயதுப் பிள்ளை ஒன்று ஐம்பத்தைந்து தாண்டிய ஒருத்தியை அப்படிப் பார்க்கும் நிலை வந்ததற்கு, அந்த மண்டபத்தில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் வெட்கப்பட வேண்டும். ஒருவரும் படவில்லை. தேநீரும் பணிசும் வந்தன, சாப்பிட்டோம்.

இனி உங்களுக்கு. பிள்ளையின் எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், ஒற்று விட்டால் போடுங்கள், அதற்குத்தான் சம்பளம். முடிவில் கைவைக்காதீர்கள். ஒரு பிள்ளை தன் கதையை எங்கே நிறுத்துகிறது என்பது பல வேளைகளில் அது எதுவரை தாங்கும் என்பதன் அடையாளம். அதைத் தாண்டித் தள்ள உங்களுக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. “இது உண்மையா” என்று ஒருபோதும் கேட்காதீர்கள், வகுப்பிலும் கேட்காதீர்கள், தனியாகக் கூப்பிட்டும் கேட்காதீர்கள். கதையாக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு பிள்ளையின் எழுத்து உங்களைத் தூங்கவிடாமல் செய்தால் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருங்கள், சாப்பிட்டதா என்று பாருங்கள், வகுப்பு முடிந்தபின் ஐந்து நிமிடம் மெதுவாகக் கரும்பலகையை அழியுங்கள். சொல்ல விரும்பினால் அது வரும். பிள்ளைகளின் கள்ளமின்மையைக் காப்பாற்றுகிறோம் என்று நாங்கள் எழுதிக்கொடுக்கும் முடிவுகள் அவர்களுக்காக எழுதப்பட்டவையே இல்லை. பார்க்க விரும்பாத பெரியவர்கள் கண்ணை மூடிக்கொள்வதற்கு அவை. அதையும் பிள்ளையைக் கொண்டே ஒப்புவிக்க வைக்கிறோம்.

அந்தப் பிள்ளை பிறகு போட்டிகளுக்கு வரவில்லை. உயர்தரம் படித்தாள் என்பதை அவளுடைய பாடசாலையில் விசாரித்து அறிந்தேன். செபமாலை உண்மையா, கற்பனையா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

இன்னொன்றையும் பதிந்துவிட வேண்டும். போட்டி விடைத்தாள்களை வலயக் கல்விக் கந்தோரில் சில காலம் கட்டி வைத்திருப்பார்கள். ஓய்வுபெறும் முன்பு, அவள் மண்டபத்தில் எழுதிய தாளையும் அழியவிடக் கூடாது என்று நான் போய்த் தேடினேன். கட்டு இருந்தது. மற்றவை எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவளுடைய தாள் மட்டும் இல்லை. காவலாளியிடம் கேட்டேன். “ஒரு அம்மா வந்து மகள் எழுதின கதையைத் தரச்சொல்லிக் கேட்டவ ரீச்சர். கிளாக்கர் எடுத்துக் குடுத்தவர். அந்த வாங்கிலை இருந்து முழுக்க வாசிச்சவ. பிறகு ஒண்டும் சொல்லாமல் மடிச்சுக்கொண்டு போட்டா” என்றார். எந்த மாதம் என்று அவருக்கு நினைவில்லை. அந்த அம்மாவின் ஊர் தெரியாது, பெயர் கேட்கவில்லை. வேறு ஆண்டுப் போட்டிக்கு வந்த வேறு தாயாகவும் இருக்கலாம் என்று அவரே சொன்னார். கிளாக்கர் அதற்குள் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார்.

இந்தத் தகவலை நான் இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை.